அடிப்படைக் காற்று வேகம்: ஃபெரிபிரிட்ஜ் கூலிங் டவர்கள் விழுந்த நிகழ்வு ஆய்வு

காற்றுச் சுமைக் கணக்கு எதை எடுத்தாலும் முதல் வரியில் ஒரு வேகம் இருக்கும். அடிப்படைக் காற்று வேகம் என்று அதற்குப் பெயர். விதிநூலின் வரைபடத்தைப் பார்த்து அந்த எண்ணை எடுத்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் பலருக்கும் வழக்கம். அந்த எண்ணுக்கு என்ன பொருள் கொண்டார்கள் என்பதும் ஒரு காரணமாகி, மூன்று பெரிய கோபுரங்கள் ஒரே காலையில் இடிந்து விழுந்த நிகழ்வு இது. 1965-இல் இங்கிலாந்தில் நடந்தது. விசாரணைக் குழு அமைத்து அறிக்கையும் வெளியிட்டதால் காரணங்கள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. வடிவமைத்தவர் யார், கட்டியவர் யார் என்ற விவரம் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அந்த இடத்தில் வேறு எந்தத் தேர்ந்த பொறியாளர் இருந்திருந்தாலும் அதே வழியில் போயிருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்த நிகழ்விடம் வரவைக்கிறது.

## பின்னணி

யார்க்ஷயரில், ஏர் ஆற்றங்கரையில், ஃபெரிபிரிட்ஜ் 'சி' அனல் மின்நிலையம் 1960-களின் முதல் பாதியில் எழுந்துகொண்டிருந்தது. 500 மெகாவாட் அலகுகள் நான்கு, மொத்தம் 2,000 மெகாவாட். அந்நாளில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மின்சாரம் உற்பத்தி செய்துவந்த மத்திய மின் உற்பத்தி வாரியத்தின் திட்டம் அது. இவ்வளவு பெரிய நிலையத்தின் சுடுநீரைக் குளிர்விக்க எட்டு கூலிங் டவர்கள் தேவைப்பட்டன. இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக அவற்றை அமைத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 114 மீட்டர் உயரம். விட்டத்திலும் பரப்பிலும் அதற்கு முன் கட்டிய டவர்களை மிஞ்சியவை.

இந்த வகை டவரின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பின்னால் வரும் கணக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத காலி இடம். அடியில் சாய்வான கால்கள் சுற்றிலும் நிற்க, அவற்றின் மேல் இடுப்பு சிறுத்து மேலே விரியும் கான்கிரீட் ஓடு. கால்களுக்கு நடுவே குளிர்ந்த காற்று நுழைந்து, வெந்நீரின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போகும். ஓட்டின் தடிமன் பெரும்பகுதியில் 5 அங்குலத்தை ஒட்டித்தான். விட்டத்தோடு ஒப்பிட்டால் முட்டை ஓட்டை விடவும் மெல்லியது. அந்த 5 அங்குலத்தின் நடுவில் ஒரே ஒரு அடுக்குக் கம்பி.

காற்று இல்லாத நாளில் இந்த ஓட்டுக்கு ஒரு கவலையும் இல்லை. சுயஎடை முழுவதும் அமுக்கவிசையாகக் கீழே இறங்குகிறது, கான்கிரீட்டுக்குப் பிடித்த வேலை அது. காற்று அடிக்கும்போது நிலைமை மாறுகிறது. மோதும் பக்கத்தில் ஓடு மேல்நோக்கி இழுபடுகிறது. சுயஎடை அந்த இழுப்பை எதிர்க்கிறது. எடையை மீறி மிச்சப்படும் இழுவிசை எவ்வளவோ, அதை மட்டும் கம்பி தாங்கினால் போதும். வடிவமைப்பாளர் கம்பி போட்டதும் அந்த மிச்சத்துக்குத்தான்.

## வடிவமைப்பில் எடுத்த முடிவுகள்

காற்று எவ்வளவு வேகத்தில் வீசும் என்ற கேள்விக்கு, ஒரு நிமிட சராசரி வேகத்தை அடிப்படைக் காற்று வேகமாக எடுத்துக்கொண்டார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. 1952-இல் வந்த பிரிட்டிஷ் விதிநூலே காற்றை ஒரு நிமிட சராசரியாகத்தான் பேசியது. கனமான சுவரும் தடித்த தூணும் உள்ள கட்டடங்களுக்கு அந்த முறை பல ஆண்டுகளாகப் பெரிய பிரச்சினை இல்லாமல் ஓடியிருந்தது.

அடுத்தது உயரம். தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். அந்தக் கூடுதலை ஸ்டாண்டர்ட் சொன்னபடி எடுக்கவில்லை. அதனால் டவரின் உச்சியில் எடுத்துக்கொண்ட அழுத்தம், இருக்க வேண்டியதை விட 19% குறைந்துபோனது.

மூன்றாவது முடிவு ஓட்டைச் சுற்றிக் காற்றழுத்தம் எப்படிப் பரவும் என்பது. காற்று நேராக மோதும் இடத்தில் தள்ளும், பக்கவாட்டில் வெளியே உறிஞ்சும். இந்தப் பரவலைத் தெரிந்துகொள்ளச் சோதனை முடிவுகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தச் சோதனைகள் தனியாக நிற்கும் ஒற்றை டவரை வைத்துச் செய்தவை. களத்தில் நிற்கப்போவதோ எட்டு.

கடைசியாகப் பாதுகாப்புக் காரணி. அதை அன்றைய வழக்கப்படி கம்பியின் தகைவில், அதாவது கம்பியின் குறுக்குப் பரப்பில் ஓர் அலகுக்கு வரும் விசையில், வைத்தார்கள். கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் (விளையும்) தகைவுக்கு வெகு கீழே அனுமதிக்கப்பட்ட தகைவு இருக்கும், நடுவில் உள்ள இடைவெளிதான் பாதுகாப்பு என்பது அந்த முறை.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் ஆபத்தாகத் தெரியாது. நான்கும் ஒரே திசையில் சாய்கின்றன என்பதுதான் சிக்கல். ஒவ்வொன்றும் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியது, அல்லது இருக்கும் பாதுகாப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டியது.

## 1965 நவம்பர் 1

திங்கட்கிழமை. மேற்குப் பக்கமிருந்து பலத்த காற்று. வீச்சு, அதாவது சில விநாடி மட்டும் எழுந்து அடங்கும் உச்ச வேகம், மணிக்கு 85 மைல் அல்லது விநாடிக்கு 38 மீட்டர் அளவுக்குப் போனதாகப் பதிவு. காலையில் ஒரு டவர் விழுந்தது. பிறகு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. சுமார் ஒரு மணி நேரத்துக்குள் எட்டில் மூன்று போய்விட்டன. உயிர்ச்சேதம் இல்லை.

விழுந்த மூன்றும் காற்றை முதலில் வாங்கிய டவர்கள் அல்ல. முன்வரிசைக்குப் பின்னால், காற்று மறைவில் நின்றவை. முன்னால் ஒரு தடுப்பு இருந்தால் பின்னால் இருப்பது பிழைக்கும் என்பதே எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் கணக்கு. இங்கே நேர்மாறாக நடந்தது. முன்வரிசையின் இடைவெளிகளில் புகுந்து நெருக்கப்பட்டு வந்த காற்று, கொந்தளிப்போடு பின்வரிசையில் மோதியது. நின்ற ஐந்தும் முழுசாகத் தப்பவில்லை, கடுமையான சேதம் அவற்றிலும் இருந்தது.

## விசாரணையில் கண்டது

வாரியம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அறிக்கை 1966-இல் வெளியானது. காற்று மோதும் பக்கத்தில் ஓட்டின் செங்குத்து இழுவிசை கம்பியின் பலத்தை மீறியதுதான் சரிவின் மையம். காற்றின் வேகத்தை நிமிட சராசரியாக எடுத்தது, உச்சி அழுத்தம் குறைந்தது, ஒற்றை டவர் சோதனையை எட்டு டவருக்குப் பொருத்தியது, காற்றுச் சுமையில் உள்ள நிச்சயமின்மைக்குப் பாதுகாப்புக் காரணியில் இடமில்லாதது ஆகிய எல்லாமே கணக்குக்கு வந்தன.

ஒரு நிமிட சராசரி என்றால் என்ன என்பதை இங்கே நிதானமாகப் பார்ப்பது நல்லது. காற்று ஒரே வேகத்தில் வீசாது. வேகமானியின் பதிவைப் பார்த்தால் கோடு மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். அறுபது விநாடிகளை மொத்தமாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தத் துள்ளல் எல்லாம் நசுங்கி ஒரு எண் கிடைக்கும். அதே பதிவில் மூன்று விநாடித் துண்டுகளாக வெட்டி, அவற்றில் பெரியதை எடுத்தால் கிடைப்பது வேறு எண். டர்ஸ்ட் என்பவர் 1960-இல் வெளியிட்ட விகிதங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. திறந்த சமவெளியில், ஒரு மணி நேர சராசரியை 1 என்று வைத்தால், பத்து நிமிடத்துக்குச் சுமார் 1.06, ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1.25, மூன்று விநாடிக்குச் சுமார் 1.52.

அப்படியானால் நிமிட சராசரியிலிருந்து மூன்று விநாடிக்குப் போக வேகத்தை 1.22-ஆல் பெருக்க வேண்டும். 22% தானே என்று தோன்றலாம். ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. விநாடிக்கு மீட்டரில் உள்ள வேகத்தை வர்க்கப்படுத்தி ஏறக்குறைய 0.6-ஆல் பெருக்கினால் பாஸ்கலில் அழுத்தம் வரும். 40 மீட்டர் வேகத்துக்கு 960 பாஸ்கல். அதே 40 நிமிட சராசரியாக இருந்து, மூன்று விநாடிக்கு 48.8 என்று மாற்றினால் சுமார் 1,430 பாஸ்கல். காற்று ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். சராசரி எடுத்த விதம் மாறியதில் அழுத்தம் பாதியளவு கூடிவிட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 114 மீட்டர் டவர் முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரு மூன்று விநாடி வீச்சு முழுபலத்தோடு பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்வதும் மிகை. சின்ன வீச்சு சின்ன இடத்தைத்தான் பிடிக்கும். பொருள் பெரிதாக ஆக, அதை முழுசாக வளைத்துப் பிடிக்கும் வீச்சும் நீளமாக இருக்க வேண்டும். பின்னாளில் வந்த 1972 பிரிட்டிஷ் விதிநூல் இதைக் கணக்கில் எடுத்து, 50 மீட்டருக்கு மேற்பட்ட கட்டமைப்புகளுக்கு 15 விநாடி வீச்சை அனுமதித்தது. 15 விநாடிக்கு எடுத்தால் மேலே சொன்ன வித்தியாசம் குறையும். ஆனால் மறையாது. ஃபெரிபிரிட்ஜ் டவர்களுக்கு ஒரு நிமிடம் என்பது எப்படிப் பார்த்தாலும் நீளம் அதிகம்.

## ஒரு கழித்தல் கணக்கு

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. காற்றில் ஏற்பட்ட பிழையை, கட்டமைப்பின் வடிவமே பெருக்கிவிட்டது. புரிவதற்காகச் சில சுற்று எண்களை எடுத்துக்கொள்வோம். இவை அந்த டவரின் உண்மையான எண்கள் அல்ல.

ஓட்டின் ஓரிடத்தில் சுயஎடையால் வரும் அமுக்கம் 100. கணக்கில் எடுத்த காற்றால் வரும் இழுவை 125. கழித்தால் மிச்சம் 25. இந்த 25-க்குக் கம்பி போட வேண்டும். பாதுகாப்புக் காரணி 2 என்று வைத்து, 50 வரை தாங்கும் கம்பியைப் போடுகிறார் வடிவமைப்பாளர். இரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கிறது என்று நிம்மதி.

இப்போது காற்றழுத்தம் 20% கூடட்டும். காற்றின் இழுவை 150 ஆகிறது. சுயஎடை அதே 100. மிச்சம் 50. கம்பியின் முழுபலமும் தீர்ந்துவிட்டது. 20% அழுத்தக் கூடுதலுக்கு வேகம் எவ்வளவு கூட வேண்டும் என்று பார்த்தால், 10% கூட வேண்டாம். இரண்டு மடங்கு என்று நினைத்த பாதுகாப்பு, வேகத்தில் பத்து சதவீதப் பிழையைக்கூடத் தாங்கவில்லை.

எடையும் காற்றும் எதிரெதிராக நின்று, மிச்சத்தை மட்டும் கம்பியிடம் விடும் எந்த அமைப்பிலும் இதுதான் நிலைமை. மிச்சம் சின்னதாக இருக்க இருக்க ஆபத்து அதிகம். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தால் காற்று பெரிய விஷயமே இல்லை என்பது போலத் தோன்றும். உண்மையில் இரண்டு பெரிய எண்கள் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன, ஒன்று கொஞ்சம் நகர்ந்தாலும் மிச்சம் பல மடங்கு மாறிவிடும். உச்சியில் அழுத்தம் 19% குறைத்து எடுக்கப்பட்டது என்று பார்த்தோம். திருப்பிப் போட்டால், சரியான அழுத்தம் எடுத்ததை விட 23% அதிகம். நிமிட சராசரிப் பிரச்சினையும் பக்கத்து டவர்களின் கொந்தளிப்பும் அதற்கு மேல் வந்து சேர்கின்றன.

## அப்புறம் நடந்தது

விழுந்த மூன்று டவர்களையும் கூடுதல் பலத்தோடு திரும்பக் கட்டினார்கள். நின்ற ஐந்தையும் பலப்படுத்தினார்கள். நிலையம் 1966-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2016 வரை ஓடியது.

விதிநூல்களில் ஏற்பட்ட மாற்றம்தான் நெடுநாள் நீடித்தது. 1972-இல் திருத்தி வந்த பிரிட்டிஷ் விதிநூல், அடிப்படைக் காற்று வேகத்தை 50 ஆண்டுக்கு ஒருமுறை மிஞ்சக்கூடிய மூன்று விநாடி வீச்சு என்று வெளிப்படையாக வரையறுத்தது. நில அமைப்பு, தரையின் கரடுமுரடும் உயரமும், கட்டமைப்பின் ஆயுள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காரணிகள் வந்தன. பாதுகாப்பை வைக்கும் இடமும் மாறியது. கம்பியின் தகைவில் மட்டும் வைக்காமல், காற்றுச் சுமையையே முதலில் பெருக்கி, உதவும் சுயஎடையைப் பெருக்காமலோ குறைத்தோ எடுத்து, அதற்குப் பிறகு கழிக்கும் எல்லை நிலை முறை பரவலானது. மேலே போட்ட எண்களிலேயே செய்து பார்க்கலாம். காற்றை 1.4-ஆல் பெருக்கினால் 175. எடையை 0.9-ஆல் பெருக்கினால் 90. மிச்சம் 85. பழைய முறையில் 50 வரை தாங்கும் கம்பி போட்ட இடத்தில் புதிய முறை 85 கேட்கிறது. நிச்சயமின்மை காற்றில் இருக்கிறது, எனவே காரணியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது இதன் நியாயம்.

இதோடு கூலிங் டவர் பிரச்சினைகள் முடிந்துவிடவில்லை. 1973-இல் ஸ்காட்லாந்தின் ஆர்டியரிலும், 1984-இல் இங்கிலாந்தின் ஃபிட்லர்ஸ் ஃபெரியிலும் டவர்கள் விழுந்தன. அவற்றில் ஓட்டின் வடிவம் கட்டும்போதே சரியான வளைவிலிருந்து விலகியிருந்தது பேச்சுக்கு வந்தது. அது தனிக் கதை.

## இன்று அந்த எண்ணை எப்படிப் படிப்பது

ஃபெரிபிரிட்ஜுக்குப் பிறகு எல்லோரும் ஒரே வரையறைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. இந்திய விதிநூல் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியும், 1995 முதல் அமெரிக்க ஏஎஸ்சிஇ 7-ம் மூன்று விநாடி வீச்சைச் சொல்கின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் ஒரு மைல் நீளக் காற்று கடந்துபோக எடுக்கும் நேரத்தை வைத்து வேகம் கணக்கிட்டார்கள். ஐரோப்பிய யூரோகோடு பத்து நிமிட சராசரி. கனடா ஒரு மணி நேர சராசரி. பிரிட்டனே 1990-களில் மூன்று விநாடியை விட்டு மணி நேர சராசரிக்கு மாறி, பிறகு யூரோகோடுக்குப் போனது. புயல் செய்திகளில் வரும் வேகம் இன்னொரு வகை: அமெரிக்கப் புயல் மையம் ஒரு நிமிட சராசரி சொல்கிறது, இந்திய வானிலைத் துறை மூன்று நிமிட சராசரி சொல்கிறது.

மணி நேர சராசரியை வைத்திருக்கும் நாடு காற்றைக் குறைத்து எடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. அந்த விதிநூலிலேயே வீச்சுக்கான பெருக்கம் பின்னால் வேறொரு காரணியாக வந்து சேரும். எண்ணும் காரணியும் ஒரு ஜோடி. ஒரு விதிநூலிலிருந்து எண்ணையும் இன்னொன்றிலிருந்து காரணியையும் எடுத்தால்தான் விபரீதம். பத்து நிமிட எண்ணை மூன்று விநாடி முறையில் போட்டால் 1.52-ஐ 1.06-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது வேகத்தில் 1.43 மடங்கு, அழுத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் குறைந்துபோகும். மாற்றிப் போட்டால் அதே அளவுக்கு வீணாகக் கூடும். வெளிநாட்டில் வடிவமைத்த இயந்திரத்தையோ, ஆயத்தக் கொட்டகையையோ, சூரிய மின்தகடு தாங்கியையோ உள்ளூர் பொறியாளர் சரிபார்க்கும்போது இந்தக் குழப்பம் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. தயாரிப்பாளரின் தாளில் "தாங்கும் காற்று வேகம் விநாடிக்கு 42 மீட்டர்" என்று மட்டும் இருக்கும். எத்தனை விநாடி சராசரி, எந்த உயரத்தில், எந்த நிலப்பரப்பில் என்று கேட்டு எழுத்தில் வாங்காத வரை அந்த 42-ஐ வைத்து எதுவும் செய்ய முடியாது.

## என்ன மாறியிருக்கும்

இவ்வளவையும் 1965-க்கு முன்னால் தெரிந்துகொள்ள முடியாதா என்ற கேள்வி எழும். பாதிக்கு மேல் தெரிந்திருந்தது என்பதுதான் வருத்தமான பதில். டர்ஸ்டின் விகிதங்கள் 1960-இலேயே அச்சில் இருந்தன. வீச்சுக் காற்றைப் புள்ளியியல் முறையில் கணக்கிடும், டேவன்போர்ட் என்ற ஆய்வாளரின் கட்டுரை 1961-இல் வந்துவிட்டது. கட்டடங்கள் மீது காற்றின் விளைவு பற்றிய சர்வதேச மாநாடு 1963-இல் நடந்தது, அதுவும் இங்கிலாந்திலேயே, டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். ஆய்வு செய்பவர்களிடம் இருந்த அறிவு வடிவமைப்பு மேசைக்கு வரவில்லை. இடையில் இருக்க வேண்டிய விதிநூல் பத்தாண்டுக்கு மேல் பழையதாக இருந்தது.

அன்றைய மேசையில் ஒரே ஒரு கேள்வியை மாற்ற முடியும் என்றால், "காற்று வேகம் எவ்வளவு" என்பதை விட்டுவிட்டு, "காற்று வேகம் பத்து சதவீதம் கூடினால் கம்பியில் உள்ள இழுவிசை எத்தனை மடங்காகும்" என்று கேட்டிருக்கலாம். அதற்குப் புதிய ஆய்வு எதுவும் வேண்டாம், இருக்கும் கணக்கை இன்னொரு முறை ஓட்டினால் போதும். பதில் இரண்டு மடங்கு என்று வந்திருந்தால், வேகத்தின் வரையறையைத் துருவிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். அதே கேள்வி இன்றும் மெல்லிய கூரைத் தகடுகளுக்கும், அடித்தளத்தின் எடையை நம்பி நிற்கும் விளம்பரப் பலகைகளுக்கும், கூரை மேல் வெறும் கான்கிரீட் கட்டைகளால் அழுத்தி வைத்திருக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் அப்படியே பொருந்தும். இவை எல்லாவற்றிலும் எடை மேலே இருந்து கழிக்கிறது, மிச்சம்தான் ஆணிக்கும் போல்ட்டுக்கும் போகிறது.

பக்கத்தில் இன்னொரு டவர் இருக்கிறது என்ற விஷயம் இன்றும் எளிதில் தீராதது. ஒரு வடிவத்தின் எந்தப் பக்கத்தில் எவ்வளவு அழுத்தம் வரும் என்று சொல்லும் எண்களுக்கு அழுத்தக் குணகங்கள் என்று பெயர். விதிநூலில் உள்ள அவற்றில் பெரும்பாலானவை தனியாக நிற்கும் வடிவங்களுக்கானவை. நெருக்கமாக ஒரே மாதிரிக் கட்டமைப்புகள் வரும் இடத்தில் முழு வரிசையின் மாதிரியையும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, காற்றின் திசையைச் சுற்றிச் சுற்றி மாற்றிச் சோதிப்பதுதான் நம்பகமான வழி. இதில் கூடுதல் சிக்கல், வரிசை எப்போதும் முதலிலேயே முடிவாகிவிடுவதில்லை. இரண்டு சிலோ (தானியமோ சிமெண்டோ சேமிக்கும் உயரமான கலன்) கட்டி ஐந்து ஆண்டு கழித்து மூன்றாவது வரும், பழைய இரண்டின் கணக்கை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

அதனால் கட்டமைப்பின் வடிவமைப்பு வரைபடத்தில் உள்ள பொதுக் குறிப்பில் வேகத்தை மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. குறைந்தபட்சம் இப்படி இருக்கலாம்: "அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், 3 விநாடி வீச்சு, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், திறந்த நிலப்பரப்பில், 50 ஆண்டு மீள்வருகைக் காலம். அழுத்தக் குணகங்கள் தனித்து நிற்கும் அமைப்புக்கு. அருகில் இதே உயரமுள்ள அமைப்பு வந்தால் இந்தக் கணக்கை மீண்டும் சரிபார்க்க வேண்டும்." வரைபடத்தில் நான்கு வரி இடம் போகும். பத்து ஆண்டு கழித்து அதைக் கையில் எடுக்கும் பொறியாளருக்கு, முதலில் கணக்குப் போட்டவர் எந்தக் காற்றை மனதில் வைத்திருந்தார் என்று தெரிய வேறு வழி இல்லை.